சாப்பாட்டுக்கு நன்றி

இவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ரொட்டிப் பாக்கெட்டையோ ஆரஞ்சுப் பழத்தையோ மேசையில் வைப்பார்கள். கட்டில் பக்கம் குனிவார்கள். காது கேட்காதவரிடம் பேசுவதுபோலக் கத்துவார்கள்: "அண்ணாச்சி, என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பாப்போம்."

பக்கவாதம் வந்து படுத்திருக்கிற மனுஷன் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா, பரீட்சை வைக்க? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இடைசெவலிலிருந்து வந்த இவருடைய சித்தப்பா மகன் வெயிலுமுத்து விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தான். "தெரிஞ்சா என்ன, தெரியாட்டா என்ன? காப்பி ஆறுது, குடிச்சிட்டுக் கிளம்பு" என்றேன். அவனுக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு வாய் அப்படித்தான். வீட்டு முன்கட்டில் மாவு மில் வைத்திருக்கிறேன். மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசித் தொண்டையும் தடித்துவிட்டது, பேச்சும் தடித்துவிட்டது.

எல்லோரும் கேட்ட அந்தக் கேள்வியை நான் மட்டும் கேட்கவில்லை. பயம்தான், வேறென்ன. அவர்களுக்குத் தெரியாது என்று பதில் வந்தால் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். எனக்கு அந்தப் பதில் வந்தால் நான் எந்தப் பஸ்ஸில் ஏறுவது?

டாக்டர்தான் முதலில் சந்தேகத்தைக் கிளப்பினார். "உங்க பேரச் சொல்லிக் கூப்பிடுதாராம்மா?"

"அது எப்பவுமே கிடையாது, சார்."

"பிறகு எப்படிக் கூப்பிடுவாரு?"

"'ஏட்டி'ம்பாவ."

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை மடக்கிக்கொண்டு, "இப்ப அதச் சொல்லுதாரா?" என்றார்.

இல்லை. இவர் விழுந்த நாளிலிருந்து நானும் அதைத்தான் கவனித்துக்கொண்டு இருந்தேன். கல்யாணம் முடிந்து வந்த நாளிலிருந்து இவர் என் பேரைச் சொன்னதே இல்லை. நானும் இவர் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவேன், பேங்கில் கேட்டால் பாஸ்புக்கைக் காட்டுவேன். சொர்ணத்தாய் என்கிற என் பேர் அவருக்கு ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க வழியே இல்லாத ஒரு குடித்தனம் நடத்தியிருக்கிறோம். எனக்கு இருந்த ஒரே பேர் ஏட்டி. அது போய்விட்டது.

தமிழே போய்விட்டது. இவர் குழறுகிறார் என்றுதான் ஆஸ்பத்திரியில் நினைத்தார்கள். எனக்கு மட்டும் தெரிந்தது, அது குழறல் இல்லை என்று. இவர் டென்மார்க்கில் ஒரு மீன்பிடித் துறைமுகத்து கேன்டீனில் சமையல்காரராக இருந்தவர். தூத்துக்குடியில் கப்பல் ஏறியவர், அங்கே போய் இறங்கித் தங்கிவிட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். வந்தால் அங்கிருந்து யாராவது போன் பண்ணுவார்கள், இவரும் முற்றத்தில் நடந்துகொண்டே பேசுவார். தொண்டைக்குள்ளேயே புரண்டுவிட்டு வெளியே வராமல் போகிற அந்தப் பேச்சு எனக்கு நன்றாகப் பழக்கம். "சார், அவிய பேசுதது டென்மார்க்கு பாஷை" என்றேன்.

டாக்டர் இவர் பேசுவதை இன்னொரு தடவை உட்கார்ந்து கேட்டார். சில பேருக்கு மூளையில் அடைப்பு வந்தால் ஒரு மொழி போய் இன்னொன்று மட்டும் நிற்கும் என்றார். திரும்பி வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்ல இவ்வளவு படிப்பு எதற்கு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. என்னோடு இருந்த காலத்தைவிட இவர் அங்கே இருந்த காலம்தான் நீளம். போன தீபாவளிக்குத்தான் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்தார். இனிமேல் தினமும் என் சமையல்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பொங்கல் கழிந்து விழுந்துவிட்டார்.

இவருடைய போனில் இருந்த ஒரு நம்பருக்குக் கூப்பிட்டேன். லோஜினி என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். சின்ன வயதில் அகதியாகப் போய் அங்கேயே வளர்ந்தவள், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. கேன்டீனுக்குச் சாப்பிட வந்து பழக்கமாம். இவரை மாமா என்பாளாம். என்னை மாமி என்றாள். "மாமி கீமின்னு சொல்லாத தாயி, அத்தைன்னு சொல்லு" என்றேன். "ஓம் அத்தை" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சிலேயே மாமி என்றாள். விட்டுவிட்டேன்.

போனை இவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். லோஜினி தமிழில் பேசினாள். இவர் அந்தப் பாஷையில் பதில் சொன்னார். அவளும் மாறிக்கொண்டாள். இவர் சிரித்தார். ஒருபக்கம் கோணிய வாயோடு, கண்ணில் தண்ணீர் வர அப்படி ஒரு சிரிப்பு. நான் போனைப் பிடித்துக்கொண்டு கம்பமாக நிற்கிறேன். வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன். வேலையை முடித்து வந்த பிறகு ஒரு நாள்கூட என்னிடம் அப்படிச் சிரித்ததில்லை.

"லோஜினி, ஒண்ணே ஒண்ணு கேளு. நான் யாருன்னு அவியள்ட்ட கேளு."

அவள் கேட்டாள். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொன்னார், நாலைந்து வார்த்தை.

"என்ன சொல்லுதாவ?"

"மாமா களைச்சுப் போனார் மாமி. இன்னொருநாள் கேப்பம்."

களைத்தவர் மாதிரி எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இவள் பாவம் பார்த்து மறைக்கிறாள். நல்ல பெண், பொய் சொல்லவும் தெரியவில்லை. இவர் வாயிலிருந்து வருவதை என் காதாலேயே கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். மறுநாள் கூப்பிட்டு, "எனக்கு அந்தப் பாஷையச் சொல்லிக் கொடு" என்றேன். "அது சரியான கஷ்டம் மாமி" என்றாள். "வத்தல் அரைக்கிற மில்ல நாள் பூரா நிக்கேன், அதவிடக் கஷ்டமா?" என்றேன்.

அதைவிடக் கஷ்டம்தான்.

எழுதியிருப்பது ஒன்று, சொல்வது ஒன்று. பாதி எழுத்தை விழுங்கிவிடுகிறார்கள். லோஜினி வாட்ஸ்அப்பில் குரலை அனுப்புவாள். நான் மில்லில் கம்பைக் கொட்டிக்கொண்டே சொல்லிப் பார்ப்பேன். வென் என்றால் தண்ணீர். ப்ரொத் என்றால் ரொட்டி. அந்த 'த்' இருக்கிறதே, அது 'த்'தும் இல்லை, 'ல்'லும் இல்லை, நாக்கை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. "வாய்க்குள்ள சூடான களி இருக்கேக்க கதைக்கிற மாதிரிச் சொல்லுங்கோ" என்றாள். அப்படிச் சொன்னால் சரி என்கிறாள். இப்படியும் ஒரு பாஷையா?

மில்லில் என்னோடு வேலை பார்க்கும் சுடலைச்செல்விக்கு ஒரே கொண்டாட்டம். "யக்கா, நம்ம மிஷினு பெல்ட்டு தேஞ்சா இப்படித்தான் சத்தம் வரும்" என்றாள். கழுகுமலைப் பக்கத்திலிருந்து சோளம் திரிக்க வந்த பெரியவர் ஒருவர் நான் முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு அருள் வருதோ?" என்று அவளிடம் விசாரித்தார். "ஆமா, வெளிநாட்டுச் சாமி" என்று அவளும் சொல்லியிருக்கிறாள். கொழுப்பு. ஆனால் நான் பாடம் கேட்கிற நேரத்தில் மில்லைப் பார்த்துக்கொண்டது அவள்தான்.

முதல் வார்த்தையை இவரிடம் சொன்ன நாள் நன்றாக நினைவிருக்கிறது. செம்பை நீட்டி, "வென்?" என்றேன். இவர் சட்டென்று என்னைப் பார்த்தார். "யா, தக்" என்றார். குடித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இவருக்கோ பேச ஆள் கிடைத்துவிட்டது. கடகடவென்று பேச ஆரம்பித்தார். நான் ஒரு வார்த்தை போட்டதற்கு ஒரு கூடை கொட்டினார். ஜன்னலைக் காட்டினார், கையைக் காட்டினார், ஏதோ கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். நான் "வென்?" என்றேன் மறுபடி. எனக்குத் தெரிந்தது அதுதானே. இவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

அவர் என்ன கேட்டார் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்றாரா, கை வலிக்கிறது என்றாரா? ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன், கையைப் பிடித்துவிட்டுப் பார்த்தேன். குழந்தை அழுதால்கூடப் பசியா வலியா என்று கொஞ்ச நாளில் பிடிபட்டுவிடும் என்பார்கள். இது ஒன்றும் பிடிபடவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போய் மிஷினைப் போட்டேன். அரைக்க ஒன்றும் இல்லை. சத்தம் வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு வேளையும் நான் ஊட்டி முடித்ததும் இவர் ஒன்றே ஒன்று சொல்வார். தக் ஃபோ மத். வேளை தவறாமல் சொல்வார். காதில் நன்றாகப் பிடித்து வைத்துக்கொண்டு லோஜினியிடம் கேட்டேன்.

"சாப்பாட்டுக்கு நன்றி எண்டு அர்த்தம் மாமி. இங்க சாப்பிட்டு எழும்பேக்க சமைச்ச ஆளிட்ட எல்லாரும் சொல்லுவினம். மாமாவுக்கு எத்தினை பேர் சொல்லியிருப்பினம்."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். நன்றி. எனக்கு. இந்த மனுஷன் என் சமையலை ஒருநாள் நல்லா இருக்கு என்று சொன்னவரா? பிடித்திருந்தால் மறுசோறு கேட்பார். உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு, "ஏட்டி, உப்புச் சட்டி உடைஞ்சி போச்சா?" என்பார். அவ்வளவுதான் எங்கள் வீட்டுப் பாராட்டும் குறையும். இப்போது வேளைக்கு வேளை நன்றியாம். சுடலைச்செல்வியிடம் சொன்னேன், பால்காரரிடம் சொன்னேன், எதிர்வீட்டில் போய்ச் சொன்னேன். "குடுத்து வச்சவ யக்கா நீங்க. எங்க வீட்டு மகராசனுக்கும் ஒரு வாதம் வரட்டும்" என்றாள் சுடலைச்செல்வி. அன்றைக்கு நான்கூடச் சிரித்தேன்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது சவரம் செய்ய வந்த காமராஜ். பாவம், அவர் ஒன்றும் செய்யவில்லை. இவருக்கு முகத்தை மழித்துவிட்டுத் துண்டை உதறினார். இவர் அவரைப் பார்த்து, "தக்" என்றார். அதே குரல். அதே மாதிரி லேசாகத் தலையைக் குனிந்துகொண்டார். கைகால் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணுக்கும் அதே தக். ஊசி போட்டவளுக்கும் அதேதான்.

அன்றைக்குத்தான் இவரைச் சரியாகப் பார்த்தேன். நான் தட்டோடு உள்ளே வந்தால் இவர் நிமிர்ந்து உட்காரப் பார்க்கிறார். வேட்டியை இழுத்துவிட்டுக் கொள்கிறார். வாயில் ஒழுகினால் எனக்கு முன்னால் துடைத்துவிடப் பதறுகிறார். கட்டின பெண்டாட்டிக்கு முன்னால் எவனாவது இப்படி இருப்பானா? கல்யாண வீட்டுப் பந்தியில் முன்பின் தெரியாதவர் பரிமாறினால் இப்படித்தான் இருப்போம். நன்றியும் அவர்களுக்குத்தான் சொல்வோம். வீட்டு ஆளுக்கு யார் சொல்லுகிறார்கள்?

எனக்குச் சோறு இறங்கவில்லை. சரி, பார்த்துவிடுவோம் என்று மறுநாள் மத்தியானம் கம்பங்கூழ் காய்ச்சினேன். இவருக்கு உயிர். உப்பே போடவில்லை. ஒரு கல் போடவில்லை. மோர் மட்டும் விட்டுக் கரைத்துக் கொண்டுபோனேன். தள்ளு, தட்டித்தான் விடு, கட்டில் முழுக்கக் கொட்டட்டும், நானே கழுவுகிறேன், ஏட்டி என்று மட்டும் கத்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே முதல் கரண்டியை ஊட்டினேன்.

இவர் முகம் லேசாகச் சுளித்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு விழுங்கினார். அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தார். கிண்ணம் தீரும்வரை ஒரு சொல் இல்லை. உப்பில்லாத கூழை, பிறத்தியார் மனசு நோகக்கூடாது என்று, முழுக்கக் குடித்து முடித்தார். இடது கையால் வாயைத் துடைத்துக்கொண்டு தக் ஃபோ மத் என்றார்.

நான் லோஜினியைக் கூப்பிட்டுத் திட்டினேன். அன்றைக்கு அவர் என்ன சொன்னார், உண்மையைச் சொல் என்று கேட்டேன். அவள் அழுதாள். "என்னால அதை உங்களுக்குச் சொல்ல ஏலாது மாமி. தயவுசெய்து கேக்காதேங்கோ." பிறகு, "டொக்டர் மாறலாம் எண்டு சொன்னவர்தானே" என்றாள். பிள்ளையை அழவைத்ததுதான் மிச்சம். அவளைச் சமாதானப்படுத்தி, விட்ட பாடத்தைச் சொல்லு என்றேன். வேறு என்ன செய்வது? அவர் தமிழுக்கு வரமாட்டார் என்றால் நான்தான் அங்கே போகவேண்டும்.

"முதல் பாடம் இது, நாங்கள் விட்டிட்டுப் போயிட்டம்" என்றாள். ஆளைப் பார்த்தால் வணக்கத்துக்குக் கொதே சொல்ல வேண்டும். பிறகு தன் பேரைச் சொல்ல வேண்டும். யை ஹெத்தா இன்னார். பிறகு அவர் பேரைக் கேட்க வேண்டும். வா ஹெத்தா து? முன்பின் தெரியாத இரண்டு பேர் சந்தித்தால் பேசுவது. பெண்டாட்டி புருஷனிடம் பேச அந்தப் பாடத்தில் ஒன்றும் இல்லை. நான் அதையே படித்தேன். மிஷின் ஓடும்போதும், வத்தல் நெடியில் தும்மும்போதும், சட்டி கழுவும்போதும் அதையே சொன்னேன். லோஜினி கேட்டுவிட்டு, "சரியா இருக்கு மாமி" என்றாள். முதல் தடவையாக.

மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தின நாள் அது. மில் ஓடவில்லை. தெருவே அமைதியாக இருந்தது. இவரைத் தூக்கித் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மாவு ஒட்டாத சேலையாகக் கட்டிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். பெண் பார்க்க வந்த அன்றுகூட எனக்கு இப்படிப் படபடத்ததில்லை.

"கொதே" என்றேன். "யை ஹெத்தா சொர்ணத்தாய்."

இவர் முகம் மலர்ந்தது. ஊரார் கேட்ட கேள்விக்கெல்லாம் இருண்டுபோன முகம், இதற்கு மலர்ந்தது. இடது கையால், விளங்காத வலது கையைத் தூக்கினார். கனத்தது போல. தூக்கி, பிடித்துக்கொண்டு, என் பக்கமாக நீட்டினார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கைகுலுக்க நீட்டுகிறார். அங்கே அதுதான் மரியாதை போலிருக்கிறது. இவரிடம் வாக்கப்பட்டு வந்து இவ்வளவு காலத்துக்கு அப்புறம் என் புருஷனோடு நான் கைகுலுக்கினேன்.

"கொதே, சொர்ணத்தாய்" என்றார்.

என் பேர். இவர் வாயால். இத்தனை வருஷமாக நான் ஒரு தடவைகூடக் கேட்டிராதது. அழகாகத்தான் சொன்னார். ஏதோ அசலூர்க்காரி பேர் மாதிரி, பிசகிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

நான் விடவில்லை. பாடத்தில் அடுத்தது இருக்கிறதே. "வா ஹெத்தா து?"

இவர் வாயைத் திறந்தார். மூடினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மேலே பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் வேர்த்தது. என் கைக்குள் இருந்த அவர் கை ஜில்லிட்டுப் போனது. தேடுகிறார். கிடைக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"ஒன்ஸ்கூல்" என்றார். மன்னித்துக்கொள் என்று அர்த்தம். அதுவும் எனக்குத் தெரியும்.

ஐயோ, என்னைத் தெரியுமா தெரியாதா என்று நான் இங்கே மல்லுக்கட்டிக்கொண்டு கிடக்கிறேன். இவருக்கு இவரையே தெரியவில்லை. அதை யாரிடமும் கேட்க முடியாமல் இத்தனை நாளாக இந்தக் கட்டிலில் ஒற்றையாகக் கிடந்திருக்கிறார். இந்த வீட்டில் அந்தப் பேரை எடுத்துக் கொடுக்க என்னைத் தவிர ஆள் இல்லை. நானோ ஜென்மத்தில் அதை உச்சரித்ததில்லை. என் அம்மா சொன்னதில்லை, என் மாமியார் சொன்னதில்லை, சொன்னால் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். குறைய இனி என்ன இருக்கிறது?

"து ஹெத்தா பூவனலிங்கம்" என்றேன்.

"பூவனலிங்கம்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மறுபடியும் சொன்னார். தொலைந்த பொருள் கிடைத்ததுபோலப் பெருமூச்சு விட்டார். பிறகு என் கையை லேசாக அழுத்தி, தலையைக் குனிந்து, "தக், சொர்ணத்தாய்" என்றார்.

தக் என்றால் திருப்பிச் சொல்ல ஒரு பதில் உண்டு. லோஜினி சொல்லிக் கொடுத்திருந்தாள், நன்றாகப் படித்தும் வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை.

"ஏட்டின்னு சொல்லுங்க" என்றேன், தமிழில். "ஒரே ஒரு தடவ சொல்லுங்க. உப்பே போடாம வச்சேன்லா அன்னைக்கு. வையுங்க என்னைய."

புரியாத பாஷையில் யாரோ எதையோ சொல்கிறார்கள் என்று, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.